எப்ஸ்டீன்-பார் வைரஸின் புள்ளிகளைப் படிக்கக் கற்போம்

ஒரு தாளும் பென்சிலும் போதும். டிஎன்ஏ என்பது ஏ, சி, ஜி, டி என்ற நான்கு எழுத்துகளால் ஆனது என்று தெரிந்திருந்தால் தொடங்கிவிடலாம்.

படி 1: யாரைப் படிக்கிறோம்?

1958இல், உகாண்டாவில் பணியாற்றிய அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட், குழந்தைகளின் தாடையில் வரும் ஒரு புற்றுக்கட்டியைப் பற்றி எழுதினார். 1964இல் லண்டனில் எப்ஸ்டீன், அச்சாங், பார் என்ற ஆய்வாளர்கள் மூவரும் அந்தக் கட்டியின் உயிரணுக்களில் ஒரு வைரஸைக் கண்டதை வெளியிட்டார்கள். இன்று உலகப் பெரியவர்களில் 90 சதவீதத்துக்கும் மேலானோர் உடலில் அது இருக்கிறது. மிகச் சிலருக்குத்தான் புற்றுநோய் வருகிறது. மற்றவர்களின் பி-உயிரணுக்களில் (ஒரு வகை வெள்ளணுக்கள்) வைரஸ் ஆயுள் முழுக்க ஓசையில்லாமல் தங்கிவிடுகிறது. அந்த ஓசையின்மை எப்படி வருகிறது என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

படி 2: ஒரு வட்டம் வரையுங்கள்

வைரஸுக்குள் டிஎன்ஏ நேர்கோடாக இருக்கும்; சுமார் 1,72,000 எழுத்து இணைகள். உயிரணுவின் உட்கருவுக்குள் போனதும் இரு முனைகளும் சேர்ந்து வட்டமாகிவிடும். வட்டத்தின் மேல் இரண்டு இடங்களைக் குறியுங்கள்: சி-புரோமோட்டர், கியூ-புரோமோட்டர் (இங்கே சி என்பது பெயர் மட்டுமே, டிஎன்ஏ எழுத்து அல்ல). புரோமோட்டர் என்றால் மரபணுவை வாசிக்கத் தொடங்கும் இடம்.

படி 3: புள்ளி வையுங்கள்

தமிழில் ‘க’ மேல் புள்ளி வைத்தால் ‘க்’. எழுத்து அதேதான், ஒலி அடங்கிவிடுகிறது. மெத்தில் குறியும் கிட்டத்தட்ட அப்படித்தான். சி-க்கு அடுத்து ஜி வரும் இடங்களில், நம் உயிரணுவின் நொதிகள் அந்த சி மேல் மெத்தில் என்ற சின்ன வேதிக்குழுவை ஒட்டுகின்றன. எழுத்து மாறாமல் வாசிப்பு மட்டும் மாறுகிற இந்த வகையைத்தான் எபிஜெனெடிக்ஸ் என்கிறோம். (டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களிலும் குறிகள் உண்டு, அதை இன்னொரு நாள் பார்க்கலாம்.)

படி 4: புள்ளியைக் கண்டுபிடியுங்கள்

இங்கேதான் நிதானம் வேண்டும். பைசல்ஃபைட் என்ற வேதிப்பொருள் புள்ளியில்லாத சி-யை மாற்றிவிடும். படியெடுத்துப் படிக்கும்போது அது டி ஆகத் தெரியும். புள்ளியுள்ள சி, சி ஆகவே நிற்கும். பயிற்சிக்காக நானே எழுதிய ஒரு வரி:

முன்: ஏ சி ஜி டி சி ஏ சி ஜி டி
பின்: ஏ டி ஜி டி டி ஏ சி ஜி டி

சி-ஜி ஜோடி இரண்டு இருக்கிறது. முதல் ஜோடியின் சி, டி ஆகிவிட்டது: புள்ளி இல்லை. இரண்டாவதில் சி அப்படியே நிற்கிறது: புள்ளி உண்டு. சரி, நடுவில் ஏ-க்கு முன்னால் இருக்கும் சி எதற்கு? அதற்குப் பக்கத்தில் ஜி இல்லை. அங்கே பொதுவாகப் புள்ளி இருக்காது, எனவே அது டி ஆகியே தீர வேண்டும். அந்த மாதிரி சி-க்கள் பல இடங்களில் மாறாமல் நின்றால் வேதிவினை முழுமையாக நடக்கவில்லை என்று பொருள், முடிவை நம்பாதீர்கள். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். அவசரமாக சி-ஜி மட்டும் எண்ணிவிட்டு, எல்லாமே புள்ளி என்று எழுதிவிடுவார்கள்.

படி 5: வட்டத்துக்குத் திரும்புங்கள்

பெரும்பாலான பர்கிட் கட்டிகளில் சி-புரோமோட்டர் நிறையப் புள்ளிகளோடு இருக்கும். அங்கே கருப்பு வட்டங்களாக நிரப்புங்கள். கியூ-புரோமோட்டரில் புள்ளி இருக்காது, வெற்று வட்டங்கள் போடுங்கள்.

சி-புரோமோட்டரிலிருந்து எப்னா-2, எப்னா-3 வகை வைரஸ் புரதங்கள் வரும். நம் டி-உயிரணுக்கள் (நோய்க்கிருமி புகுந்த உயிரணுக்களைத் தேடிப் பிடிக்கும் வெள்ளணுக்கள்) எப்னா-3 வகையை எளிதில் அடையாளம் காணும். அது அடங்கிவிட்டால் வைரஸ் கண்ணில் படாது. கியூ-விலிருந்து எப்னா-1 மட்டும் வருகிறது. உயிரணு பிரியும்போது வைரஸின் வட்டத்தைக் கைவிடாமல் பிடித்துக்கொள்ள அது தேவை. அதை டி-உயிரணுக்கள் பிடிப்பதும் கடினம். நம் நொதிகள் வைத்த புள்ளிகளே வைரஸுக்கு மறைவிடமாகிவிடுகின்றன. முதலில் படித்தபோது இந்த இடத்தில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன்.

அது புள்ளியின் வேலைதான் என்று எப்படித் தெரியும்? ஆய்வகத்தில் பர்கிட் உயிரணுக்களுக்கு, மெத்தில் ஒட்டுவதைத் தடுக்கும் அசாசைட்டிடின் என்ற மருந்தைக் கொடுத்தால் அடங்கியிருந்த எப்னா-2 மறுபடி வருவதைக் கண்டிருக்கிறார்கள்.

படி 6: புள்ளி என்றால் எப்போதும் மௌனமா?

இல்லை. வைரஸிடம் ஸீட்டா என்ற புரதம் உண்டு. பெருக வேண்டிய நேரம் வந்ததும் அதுதான் மற்ற மரபணுக்களை எழுப்பும். மற்ற பல புரதங்கள் புள்ளியைக் கண்டால் விலகிப்போகும். ஸீட்டாவோ சில புரோமோட்டர்களில் புள்ளி வைத்த டிஎன்ஏவைத்தான் நன்றாகப் பற்றுகிறது. அதனால் ‘மெத்தில் = அணைப்பு’ என்று குறிப்பேட்டில் எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். புள்ளியை யார் வாசிக்கிறார்கள் என்பதையும் கூடவே எழுத வேண்டும்.

அப்புறம், வட்டத்துக்குக் கீழே ஒரு நேர்கோடு வரையுங்கள். பெருகி வெளியேறும் புதிய வைரஸின் டிஎன்ஏ அது. அதில் ஒரு புள்ளியும் வைக்காதீர்கள். அடுத்த பி-உயிரணுவுக்குள் நுழைந்த பிறகுதான் அவை மெல்ல மெல்லச் சேரும்.