ஏழு சொல்லையும் பாடமாக்கினால் போதுமா?

மட்டக்களப்பில் கெடெற் பயிற்சிக்குப் போகிற பிள்ளைகள் பலர் தலைமைத்துவப் பண்புகள் என்று ஒரு பட்டியலைப் பாடமாக்கி வைத்திருக்கிறார்கள். அது அமெரிக்கத் தரைப்படையினுடையது: விசுவாசம், கடமை, மரியாதை, தன்னலமில்லாச் சேவை, கௌரவம், நேர்மை, தனிப்பட்ட துணிவு. ஆங்கிலத்தில் முதலெழுத்துகளைக் கோத்தால் LDRSHIP என்று வரும், அதை லீடர்ஷிப் (தலைமைத்துவம்) என்று வாசிக்கலாம், அதனால் லேசாக மனதில் நிற்கும். சீருடையைக் கண்டு கதவடைத்த காலத்தைக் கடந்து வந்த ஊர் எங்களது. இந்தச் சொற்களை வெறும் பாடமாக விட எனக்கு மனமில்லை.

பெரிய பிழை முதலாவது சொல்லிலேயே நடக்கிறது. விசுவாசம் என்றால் மேலே உள்ளவர் என்ன செய்தாலும் வாய் திறக்காமல் நிற்பது என்று நினைக்கிறார்கள். அந்தத் தரைப்படையின் விளக்கத்திலேயே விசுவாசம் முதலில் அரசியலமைப்புக்கு, அப்புறம்தான் படைக்கும் அணிக்கும் சக வீரர்களுக்கும். 1968 மார்ச் 16, வியட்நாமில் மை லாய் கிராமத்தில் அமெரிக்கச் சிப்பாய்களே பொதுமக்களைச் சுட்டுத் தள்ளினார்கள். ஹியூ தொம்சன் என்ற விமானி, பங்கருக்குள் ஒளிந்திருந்த சனங்களுக்கும் அவர்களை நெருங்கிய தன் நாட்டுச் சிப்பாய்களுக்கும் நடுவில் ஹெலிகொப்டரை இறக்கி, அவர்கள் சனங்களைச் சுட்டால் நீங்கள் அவர்களைச் சுடுங்கள் என்று தன் இரண்டு சகாக்களிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவர் செய்ததை உள்ளபடி ஒப்புக்கொண்டு அதே படை அவருக்குப் பதக்கம் கொடுத்தது 1998 இல்தான். முப்பது வருடம்! அவர் காட்டியது விசுவாசமா இல்லையா என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.

மரியாதை கீழிருந்து மேலே மட்டும் போகிற சாமான் இல்லை, சத்தம் போடுவது கட்டளையும் இல்லை. இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

தன்னலமில்லாச் சேவையைப் பெரிய தியாகம் என்று நினைப்பது இன்னொரு பிழை. அமெரிக்க மரைன் படையில் சாப்பாட்டு வரிசையில் இளையவர் முன்னுக்கு, அதிகாரி கடைசியில். 2011 ஜனவரி வெள்ளத்தில் நான் தொண்டுக்கு நின்ற முகாமில் பொறுப்பாக இருந்தவர் வரிசையை எண்ணாமலே முதல் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டார். கடைசியில் ஒரு அம்மம்மாவுக்கும் இரண்டு பேரப்பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரு பார்சல்தான் மிஞ்சியது. அம்மம்மா அதை இரண்டாகப் பிரித்துப் பிள்ளைகளுக்கு வைத்தார். அடுத்த நாள் லொறி வந்ததும், எங்களோடு நின்ற பத்தாம் வகுப்புப் பிள்ளையொன்று பார்சல் பக்கம் வராமல் வரிசையின் கடைசிக்குப் போய், அங்கிருந்து ஆட்களை எண்ணிக்கொண்டு வந்தாள். பிள்ளைகளே, நாளைக்கு ஏதாவது நேர்முகத்தில் பண்புகளைப் பற்றிக் கேட்டால் ஏழு சொல்லை ஒப்புவிக்காமல், கண்ணால் கண்ட இப்படி ஒன்றைச் சொல்லுங்கள்.