உடைந்த கிரேயானை உருக்கும் முன்

கிரேயான் என்பது நிறம் கலந்த மெழுகு, பெரும்பாலும் பாரஃபின். வீட்டில் அதை மறுபடி உருக்கி அச்சில் வார்க்கும்போது நடக்கும் சொதப்பல்களில் பாதி, இது மெழுகு என்பதை மறந்துபோவதால் வருபவை.

முதல் தொல்லை மேலே ஒட்டியிருக்கும் காகிதம். நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவிட்டால் தானாகவே வழுக்கிக்கொண்டு வரும். சரி, உரித்தாயிற்று என்று ஈரத்தோடு அச்சில் போட்டுவிடக் கூடாது. மெழுகுக்கு அடியில் மாட்டிக்கொண்ட நீர் சூட்டில் ஆவியாகித் தெறிக்கும். தெறிக்காவிட்டாலும் கட்டி முழுக்க ஓட்டை விழும். துணியால் துடைத்து ஓர் இரவு உலரவிடுங்கள்.

அடுத்து, டப்பாவில் கிடப்பதையெல்லாம் ஒன்றாகக் கொட்டுவது. ஆயில் பேஸ்டலில் உலராத எண்ணெய் இருக்கிறது. ஒரு துண்டு கலந்தாலும் கட்டி பிசுபிசுவென்று இருக்கும். துவைத்தால் போகும் வகை கிரேயான்களின் கலவையே வேறு, அவை சாதாரண கிரேயானோடு சேராது. அவற்றைத் தனியே ஒதுக்கிவிடுங்கள்.

உண்மையான ஆபத்து சூட்டில்தான் இருக்கிறது. கிரேயான் உருகுவதற்கு ஏறக்குறைய 50 முதல் 65 டிகிரி செல்சியஸ் போதும். ஆனால் அவசரத்தில் பாத்திரத்தை நேராக அடுப்பில் வைத்துவிடுகிறோம். தண்ணீர் கொதித்து நம்மை எச்சரிக்கும். மெழுகு சத்தமில்லாமல் சூடேறிக்கொண்டே போய்ப் புகையும், பிறகு தீப்பிடிக்கும். அந்தத் தீயில் தண்ணீர் ஊற்றினால் பந்தாக எழும்பும். அடுப்பை அணைத்து மூடியால் மூட வேண்டும். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குவதே நிதானமான வழி. ஓவன் இருந்தால் சிலிகான் அச்சில் துண்டுகளைப் போட்டு 120 டிகிரியில் 10 முதல் 15 நிமிடம் வைக்கலாம். மைக்ரோவேவ் இதற்குச் சரிப்படாது: பாரஃபின் அந்த அலைகளை அவ்வளவாக உள்வாங்காது, கிண்ணம்தான் கொதிக்கும். எதில் உருக்கினாலும் அந்தப் பாத்திரமும் அச்சும் திரும்பச் சமையலுக்கு வேண்டாம். மிச்சத்தைச் சிங்க்கில் ஊற்றினால் குழாய்க்குள் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

நிறங்களைக் கலப்பது வேறு கதை. வானவில் வரும் என்று நம்பி என் முதல் முயற்சியில் எல்லா நிறத்தையும் போட்டு நன்றாகக் கிளறினேன். வந்தது சேற்று நிறம். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஓர் அச்சில். நீலமும் பச்சையும் இன்னொன்றில் என்று பிரித்து, கிளறாமல் விட்டால் நிறங்கள் தனித்தனியே தெரியும்.

ஆறவைப்பதில் அவசரப்பட்டு ஃப்ரீசரில் வைத்தால் விரிசல் விடலாம். அறையிலேயே ஒரு மணி நேரம், பெரிய அச்சென்றால் அதற்கும் மேல், பொறுத்திருங்கள். கிரேயான் துருவலைக் காகிதத்தில் தூவி இஸ்திரி போடும் கைவேலையில் நீராவியை அணைத்து, குறைந்த சூட்டில், மேலும் கீழும் பட்டர் பேப்பர் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இஸ்திரிப் பெட்டியும் வண்ணமாகிவிடும்.

கிரேயானில் மெழுகுவத்தி செய்வது பலரும் காட்டும் யோசனை. எனக்கு அதில் உடன்பாடில்லை. நிறமித் துகள்கள் திரியை அடைத்துக்கொள்வதால் சுடர் மங்கிப் புகையும், அணைந்தும் போகும். மிட்டாய் வடிவ அச்சும் அப்படித்தான்: மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் அது நேராக வாய்க்குத்தான் போகும்.

காகிதம் உரிப்பது, நிறம் பிரிப்பது, உடைப்பது எல்லாம் பிள்ளைகள் வேலை. உருக்குவது பெரியவர்கள் வேலை.

அப்புறம், அச்சிலிருந்து எடுத்த கட்டியின் மேற்பக்கம் வெளிறிப்போய், தேய்த்தால் நிறமே வரவில்லையா? உருகிய நிலையில் அதிக நேரம் இருந்ததில் நிறமி அடியில் தங்கிவிட்டது. தூக்கி எறியாமல் திருப்பிப் பிடித்துத் தேய்த்துப் பாருங்கள்.