மலையேற்ற முகாமில் கயிற்றை யாரிடம் கொடுக்கிறோம்?

பள்ளிப் பிள்ளைகளை மலைக்கு அழைத்துப் போகிறவர்கள் யாரும் "பெண்களுக்குக் கற்றுத்தர மாட்டேன்" என்று சொல்வதில்லை. ஆனாலும் மூன்று நாள் முகாம் முடிந்து இறங்கும்போது, டென்ட் அடிக்கத் தெரிந்தவர்கள் பையன்களாகவும் வெங்காயம் நறுக்கியவர்கள் பெண்களாகவும் இருக்கிறார்கள். "டென்ட் அடிக்க யார் வர்றீங்க?" என்று பொதுவாகக் கேட்பதுதான் தவறு. பெயர் எழுதி, தினமும் வேலையை மாற்றிவிடுங்கள்.

பாறை ஏறும் இடத்தில் இது இன்னும் மோசம். ஏறுபவரின் கயிற்றைக் கீழே நின்று பிடிப்பதை பிலே என்போம். "நீ ஒல்லியா இருக்க, உன்னால தாங்க முடியாது" என்று பெண்களை விலக்கிவிடுகிறோம். பாரத்தைத் தாங்குவது கைபலம் அல்ல; இடுப்பில் கட்டும் வார்ப்பட்டையான ஹார்னஸில் மாட்டிய கருவிக்குள் கயிறு மடங்கி உராய்வதால்தான் ஆள் நிற்கிறார். எடை வித்தியாசம் அதிகம் என்றால், பிலே செய்பவரைப் பின்னால் ஒரு மரத்தோடு கட்டிவிடலாம். ஒல்லியான பையனுக்கும் அதையேதான் செய்கிறோம். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி "சார், நான் பிடிக்கவா?" என்று கேட்டபோது நானும் தயங்கினேன். இழுப்பாள், கருவிக்குக் கீழே கயிற்றைப் பிடித்த கையை அதிலிருந்து எடுக்காமலே நகர்த்துவாள், மறுபடி இழுப்பாள். மேலே இருந்தவன் இறங்கும்வரை அந்தக் கை ஒருமுறைகூட விலகவில்லை.

உதவுவதிலும் கவனம் வேண்டும். பையன் தடுமாறினால் "இடது காலை அந்தப் பிளவில் வை" என்கிறோம். பெண் தடுமாறினால் கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறோம். மேலே வந்துவிடுகிறாள், எப்படி ஏறினாள் என்பது அவளுக்கே தெரியாது.

அப்புறம் தண்ணீர். ஒதுங்க இடம் கேட்கக் கூச்சப்பட்டு, பெண்கள் காலையிலிருந்து குடிக்காமலே நடப்பார்கள். மதியம் தலைவலி வரும், கால் பிடித்துக்கொள்ளும். நாமோ "பொண்ணுங்களுக்குத் தெம்பு பத்தல" என்போம். புறப்படும் முன்பே எங்கே நிற்போம், யார் எந்தப் பக்கம் ஒதுங்கலாம் என்று எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். நாப்கின், பழைய செய்தித்தாள், குப்பை கொண்டுவர ஒரு பை மூன்றும் முதலுதவிப் பெட்டியில் இருக்கட்டும். ஆண் பயிற்சியாளரும் இதைச் சாதாரணமாகச் சொல்லிப் பழக வேண்டும்.

இரவில் சொல்லும் கதைகளில் டென்சிங்கும் ஹிலாரியும் மட்டும் போதாது. 1975-ல் எவரெஸ்ட் ஏறிய ஜுன்கோ தபேயும், உத்தரகாசியில் பயிற்சி பெற்று 1984-ல் ஏறிய பச்சேந்திரி பாலும் வரட்டும். நம் பொதிகையிலேயே, 1,868 மீட்டர் உயர அகத்தியர்கூடத்தின் உச்சிக்குப் பெண்களை விடாமல் இருந்தார்கள். கேரள உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் 2019 ஜனவரியில் தன்யா சனல் ஏறினார். தடுத்தது மலை அல்ல என்று பிள்ளைகளுக்குப் புரியும்.

"கூட மிஸ் யாராவது வர்றாங்களா?" என்று பெற்றோர் கேட்பது நியாயம்தான். அதற்காகப் பயிற்சி பெற்ற ஒரு பெண்ணை அழைத்துப் போய், பெண்கள் டென்ட்டுக்குக் காவலாக உட்காரவைப்பது பெரிய அநியாயம். அடுத்த முகாமில் பாறையில் முதலில் ஏறிக் காட்டுவது அவராக இருக்கட்டும்.