எக்ஸ்காம் 2: வீரர்களின் சோர்வைச் சமாளிப்பது எப்படி?

எக்ஸ்காம் 2 என்பது வேற்றுக்கிரகவாசிகளை எதிர்த்து ஒரு சிறு படையை வழிநடத்தும் கணினி விளையாட்டு. அதில் என் முதல் ஆட்டம், விளையாட்டுக் கணக்கில் மூன்றாவது மாதத்திலேயே முடிந்துபோனது. வேற்றுக்கிரகவாசிகள் வீழ்த்திவிட்டார்கள் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அந்த அணியை அழித்தது ஓய்வே கொடுக்காத நான்தான். கைராசியான ஆறு பேரைப் பொறுக்கி எடுத்து, எங்கே சண்டை என்றாலும் அவர்களையே அனுப்பினேன். ஷார்ப்ஷூட்டர் (தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடுபவர்) ஒருவருக்கு என் சித்தப்பாவின் பெயரை வைத்திருந்தேன். ஒரு நாள் எதிரே வைப்பர் என்னும் பாம்பு உருவ எதிரி வந்ததும் அவர் மிரண்டு, மறைவிடத்தை விட்டு வெட்டவெளிக்கு ஓடினார். எதிரிகள் அவரைச் சுட்டுத் தள்ளினார்கள். முந்தைய சண்டையில் சோர்ந்த நிலையிலேயே அவரை இழுத்துக்கொண்டு போனதால் வந்த பயம் அது என்பது பிறகுதான் புரிந்தது.

சோர்வு என்ற விஷயம் இந்த விளையாட்டில் எங்கே வருகிறது என்பதை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். ஃபிராக்ஸிஸ் நிறுவனத்தின் எக்ஸ்காம் 2 வெளியானது 2016 பிப்ரவரியில். அதில் காயம் உண்டு, சோர்வு கிடையாது. 2017 ஆகஸ்டில் வந்த 'வார் ஆஃப் தி சோஸன்' என்ற விரிவாக்கம்தான் சோர்வைக் கொண்டுவந்தது. 2020-ல் ஐபோனுக்கும் 2021-ல் ஆண்ட்ராய்டுக்கும் வந்த தொகுப்பில் இந்த விரிவாக்கமும் அடக்கம். அதனால் 2016-ல் எழுதப்பட்ட பழைய வழிகாட்டிகள் "ஆறு பேரை நன்றாக வளர்த்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். அந்த அறிவுரை வேறோர் ஆட்டத்துக்கானது.

படி 1: மனவுறுதியைப் பார்க்கப் பழகுங்கள்

ஒவ்வொரு வீரருக்கும் 'வில்' என்று ஓர் அளவு உண்டு. நாணேற்றும் வில் அல்ல, மனவுறுதி. மூல விளையாட்டில் இது பீதியையும் மனத்தைத் தாக்கும் எதிரிகளையும் தாங்கும் திறன் மட்டுமே. விரிவாக்கத்திலோ இது பர்சில் இருக்கும் பணத்தைப் போல, களத்தில் செலவாகிக்கொண்டே இருக்கும். புதிய எதிரிக் கூட்டம் கண்ணில் பட்டால் குறையலாம். அடிபட்டால் குறையும். பக்கத்தில் இருக்கும் தோழர் காயப்பட்டாலோ இறந்தாலோ இன்னும் குறையும். ஓரளவுக்குக் கீழே போனதும் அந்த வீரர் 'சோர்வடைந்தவர்' ஆகிவிடுவார். ஒரு கடினமான மிஷனோ இரண்டு சாதாரண மிஷன்களோ போதும், பெரும்பாலானோர் அந்த நிலைக்கு வந்துவிடுவார்கள்.

மருந்தோ மாத்திரையோ கொடுத்து உடனே சரிசெய்ய முடியாது. நாட்கள் கழிய வேண்டும். உலக உருண்டைத் திரையில், தலைமையகமாகவும் இருக்கும் உங்கள் பறக்கும் கப்பலை ஓரிடத்தில் நிறுத்தி ஸ்கேன் செய்யும்போது நாள் நகரும். நீங்கள் தலைமையகத்தின் அறைகளைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தால் யாரும் இளைப்பாற மாட்டார்கள்.

படி 2: ஆள் சேருங்கள், கஞ்சத்தனம் வேண்டாம்

தொடக்கத்தில் ஒரு மிஷனுக்கு நான்கு பேர். கொரில்லா டாக்டிக்ஸ் ஸ்கூல் என்ற பயிற்சிக் கூடத்தைக் கட்டி, அங்கே வாங்கும் மேம்பாடுகளால் அது ஐந்தாகி, பிறகு ஆறாகும். நான்கு பேர் களத்தில் இருக்கும்போது இன்னொரு நான்கு பேர் ஓய்வில் இருக்க வேண்டும். இரண்டு பேராவது காயத்துடன் படுத்திருப்பார்கள். இரண்டு பேர் ரகசிய நடவடிக்கைக்குப் போயிருப்பார்கள் (அதைப் பற்றிப் பின்னால்). மொத்தம் 12. அணி ஆறு பேராகும்போது அதே கணக்கு 16, 17 என்று வரும். இது என் சொந்தக் கணக்குதான், விளையாட்டு விதிக்கும் எண் அல்ல. ஆனால் பத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு நான் ஒருமுறைகூட நிம்மதியாக ஆடியதில்லை.

புதியவர்கள் இங்கேதான் தயங்குவார்கள். "ஆயுத ஆராய்ச்சிக்கே சப்ளை (விளையாட்டில் பணம் மாதிரி) போதவில்லை, ரூக்கிகளுக்கு, அதாவது புதுமுக வீரர்களுக்கு, எதற்குச் செலவு?" என்று தோன்றும். நல்ல துப்பாக்கியை வாங்கிவிட்டு, அதைப் பிடிக்கத் தெம்புள்ள கை இல்லாமல் போவதைவிட இது மேல். முதல் மாதத்திலேயே இரண்டு மூன்று பேரைச் சேர்த்துவிடுங்கள். அதே ஸ்கூலில் ஒரு ரூக்கியைச் சேர்த்து, நீங்கள் விரும்பும் பிரிவில் பயிற்சி கொடுக்கலாம். சண்டைக்கு அனுப்பாமலேயே ஓர் ஆள் தேறிவிடுவார்.

படி 3: ஜோடி ஜோடியாகச் சுழற்றுங்கள்

சுழற்சி முறை என்றதும் முதலாம் அணி, இரண்டாம் அணி என்று பிரித்துவிடத்தான் எல்லோருக்கும் தோன்றும். நானும் அப்படித்தான் செய்தேன், அது இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. ஒரே மிஷனுக்குப் போன நான்கு பேரும் ஒரே மாதிரிச் சோர்வதில்லை. பின்னால் நின்று சுட்டவர் தெம்பாகத் திரும்புவார், ரேஞ்சர் என்ற, கிட்டப்போய்த் தாக்கும் வீரர் முன்னால் ஓடி அடிபட்டுத் திரும்புவார். அணி என்ற கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தால் தெம்பானவரும் காரணமில்லாமல் உட்கார்ந்திருப்பார்.

எனக்கு வேலை செய்தது ஜோடிமுறை. ஒரே களத்தில் சேர்ந்து போகும் வீரர்களிடையே நெருக்கம் வளரும் என்பது இந்த விரிவாக்கத்தின் இன்னோர் அம்சம். அது போதுமான அளவு வளர்ந்ததும் அந்த இருவரையும் பிணைப்புத் தோழர்களாக்கலாம். முதல் நிலையிலேயே 'டீம்வொர்க்' என்ற திறன் கிடைக்கும். மிஷனுக்கு ஒருமுறை, ஒருவர் தன் தோழருக்குக் கூடுதலாக ஒரு செயலைக் கொடுக்கலாம். தோட்டா தவறி, எதிரி ஒரே ஒரு புள்ளி உயிரோடு சிரித்துக்கொண்டு நிற்கும்போது அதன் அருமை தெரியும்.

ஆகவே ஓய்வின் அலகு ஜோடிதான். எல்லா ஜோடிகளையும் ஒரு பட்டியலாக நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் போக வேண்டும் என்றால், மனவுறுதி அதிகமாக இருக்கும் இரண்டு ஜோடிகள் போகும். முடிந்தவரை அதில் ஒன்று அனுபவமுள்ளதாகவும் மற்றது இளையதாகவும் இருக்கட்டும். இளையவர்கள் கொலைக்கணக்கு ஏற்றிக்கொள்ளட்டும், மூத்தவர்கள் காவல் நிற்கட்டும்.

ஜோடி அமைக்கும்போது இருவருக்கும் ஒரே வேலை கொடுக்காதீர்கள். இரண்டு ரேஞ்சர்களைப் பிணைத்தால் இருவரும் ஒன்றாக முன்னே பாய்ந்து, ஒன்றாக அடிபட்டு, ஒன்றாகப் படுத்துவிடுவார்கள். ஷார்ப்ஷூட்டரும் ஸ்பெஷலிஸ்டும் (சிறு டிரோனை வைத்து உதவுபவர்), ரேஞ்சரும் கிரெனேடியரும் (குண்டு வீசுபவர்) என்று கலந்து வையுங்கள். ஜோடியில் ஒருவர் இறந்தால் மற்றவர் அந்த இடத்திலேயே நிலைகுலைந்துபோவார் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

பலரிடம் பகிர்ந்தால் யாருமே உயர்ந்த பதவிக்கு வரமாட்டார்களே என்ற கவலை நியாயமானது. கர்னல் பதவி சற்றுத் தாமதமாகத்தான் வரும். ஆனால் ஆறு கர்னல்களில் நான்கு பேர் படுக்கையில் இருக்கும் நாளில் ஒரு பதிலடித் தாக்குதல் வந்தால், அந்தப் பதக்கங்களை யாருக்குக் காட்டுவது?

படி 4: களத்தில் சிக்கனம்

எதிரிக் கூட்டங்களை ஒவ்வொன்றாகச் சந்தியுங்கள். ஒரு கூட்டத்தோடு சண்டை நடக்கும்போது, எதிரியின் பக்கவாட்டைப் பிடிக்கிறேன் என்று இருட்டில் நாலடி முன்னே வைத்து இரண்டாவது கூட்டத்தையும் எழுப்பிவிடாதீர்கள். உயிர், மனவுறுதி இரண்டும் ஒருசேரப் போகும். உங்கள் முறையின் கடைசி நகர்வை ஒருபோதும் புது இடத்துக்குச் செய்யாதீர்கள். புதுத் தரையை முதல் ஆளை வைத்துப் பாருங்கள். எதிரி தென்பட்டால் மிச்சமுள்ளவர்களுக்குச் செயல் மிச்சமிருக்கும்.

கையெறி குண்டைப் பத்திரப்படுத்தி வீட்டுக்குக் கொண்டுவருவதில் பயனில்லை. அடுத்த மிஷனுக்கு அது தானாகவே நிரம்பிவிடும். மனவுறுதி அப்படி நிரம்பாது.

படி 5: சோர்ந்தவரை அனுப்பியே தீர வேண்டும் என்றால்

ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம் என்ற நிலை கட்டாயம் ஒருமுறை வரும். சோர்ந்தவரை அனுப்ப விளையாட்டு தடை சொல்லாது. ஆனால் அவர் களத்தில் எளிதில் பீதியடைவார். உயிரோடு திரும்பினாலும் ஒரு கெட்ட குணத்தைச் சுமந்துகொண்டு வரக்கூடும். என் சித்தப்பாவுக்கு வந்த வைப்பர் பயம் அந்த வகை. இன்னொரு வகை, தோட்டா நிரப்பும் வெறி. துப்பாக்கியில் ஒரே ஒரு தோட்டா குறைந்திருந்தாலும், தன் முறை தொடங்கியதும் கேட்காமலேயே நிரப்பி ஒரு செயலை வீணாக்கிவிடக்கூடும். கிளம்பும் முன் வீட்டுப் பூட்டை நான்கு முறை இழுத்துப் பார்க்கும் ஆளை நினைத்துக்கொள்ளுங்கள்.

அனுப்பத்தான் வேண்டும் என்றால் நான்கு பேரில் ஒருவர் மட்டும் சோர்ந்தவராக இருக்கட்டும். அவர் தூரத்தில் நிற்கும் ஷார்ப்ஷூட்டராகவோ ஸ்பெஷலிஸ்டாகவோ இருப்பது நல்லது. செக்டாய்டு இருக்கும் இடம் என்று தெரிந்தால் வேறு ஆளைத் தேடுங்கள். அது மனத்தைக் குலைக்கும் வித்தைக்காரன், மனவுறுதி தாழ்ந்தவர்கள்தான் அதற்கு முதல் பலி. செக்டாய்டின் பிரேதப் பரிசோதனையை முடித்திருந்தால் மைண்ட் ஷீல்டு என்ற, மனத்தைக் காக்கும் கருவியைச் செய்யும் வழி திறந்திருக்கும். அதைச் சோர்ந்தவருக்குக் கொடுங்கள். திரும்பி வந்ததும் அவரை நன்றாக ஓய்வெடுக்க விடுங்கள். அடுத்தடுத்து இருமுறை மட்டும் வேண்டவே வேண்டாம்.

படி 6: சண்டையில்லாத வேலை

ரெசிஸ்டன்ஸ் ரிங் என்ற கட்டடத்தைச் சீக்கிரமே கட்டுங்கள். அதன் வழியாக வீரர்களை ரகசிய நடவடிக்கைகளுக்கு அனுப்பலாம். அவர்கள் சில நாட்கள் கண்ணில் படாமல் போய், சப்ளையோ உளவுத் தகவலோ புது ஆளோ கொண்டுவருவார்கள். சோர்ந்தவர்களையும் இதற்கு அனுப்பலாம் என்பதுதான் இதில் உள்ள வசதி. சும்மா படுத்திருப்பவரால் ஒரு லாபம்.

ஆனால் அனுப்பும் திரையில் எழுதியிருக்கும் ஆபத்துகளைப் படிக்காமல் பொத்தானை அழுத்தாதீர்கள். காயம், சிறைபிடிப்பு, வழிமறிப்பு என்று வெவ்வேறாக இருக்கும். வழிமறிப்பு என்றால், போனவர்கள் அந்தச் சோர்வோடேயே சண்டை போட்டுத் தப்பி வர வேண்டும். அந்த ஆபத்து உள்ள வேலைக்குத் தெம்பானவர்களையும், அது இல்லாத வேலைக்குச் சோர்ந்தவர்களையும் அனுப்புவது என் வழக்கம்.

படி 7: மருத்துவ அறை

இன்ஃபர்மரியில் ஒரு பொறியாளரை அமர்த்தினால் காயங்கள் விரைவில் ஆறும். ஒரு வீரரை அங்கே சேர்த்து அவருடைய கெட்ட குணத்தையும் நீக்கலாம். அந்த நாட்களில் அவர் களத்துக்கு வரமாட்டார் என்பதால், ஏற்கெனவே சோர்ந்திருப்பவரைச் சேர்ப்பது சிக்கனம்.

'ஷென்ஸ் லாஸ்ட் கிஃப்ட்' என்ற கூடுதல் பகுதி உங்களிடம் இருந்தால், ஸ்பார்க் என்ற இயந்திர வீரரைச் செய்துகொள்ளலாம். இயந்திரத்துக்குச் சோர்வு கிடையாது. அடிபட்டால் பழுதுபார்க்க வேண்டும், அவ்வளவுதான். நான்கில் ஓர் இடத்தை அது நிரப்பினால் ஒரு மனிதர் கூடுதலாகத் தூங்குவார்.

படி 8: கடைசி மிஷனுக்கு முன்

இறுதிப் போர் நீளமானது. இடையில் தலைமையகத்துக்குத் திரும்பி ஆள் மாற்ற முடியாது. எல்லாம் தயார் என்ற உற்சாகத்தில் உடனே கிளம்பிவிடாதீர்கள். எதிரிகளின் அவதார் திட்டத்தின் அளவு (நிரம்பினால் ஆட்டத்தில் தோற்கும் அபாயம்) நிரம்பும் நிலையில் இல்லை என்றால், கப்பலை நிறுத்திச் சில நாட்கள் ஸ்கேன் செய்யுங்கள். உங்களுடைய சிறந்த மூன்று ஜோடிகளும் முழு மனவுறுதிக்கு வரும்வரை காத்திருந்து புறப்படுங்கள். அங்கே போனபின் யார் எவ்வளவு சோர்ந்தாலும் கவலையில்லை. மறுநாள் மிஷன் எதுவும் கிடையாது.