மருந்துக்கு அசையாத செம்பேன்: நிழல்வலை ரோஜாவில் நான் செய்தது

தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்று போடும் தோட்டங்களுக்கு நடுவே, நிழல்வலைக்குள் நாற்பது ரோஜா வைத்திருக்கிறேன். பங்குனியில் இலையெல்லாம் ஊசியால் குத்தியதுபோல் வெளுத்தது. மருந்தை மாற்றி மாற்றி அடித்தும், இலைச் சாற்றை உறிஞ்சும் செம்பேன் குறையவில்லை.

1. இலைக்குக் கீழே வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டுங்கள். புள்ளிகள் ஊர்ந்தால் செம்பேன்தான். எட்டுக் கால், பூச்சி இனமே இல்லை. அசுவினிக்கு அடிக்கும் இமிடாகுளோபிரிட் இதைக் கொல்லாது. இதைத் தின்னும் சின்னக் கறுப்பு வண்டுகளைத்தான் கெடுக்கும்.

2. பழைய டப்பாக்களை எடுத்து, பெரிய எழுத்துப் பெயரை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். நான் மாற்றி மாற்றி அடித்தவை பெனசாகுயினும் பென்பைராக்சிமேட்டும். இரண்டும் பேனை ஒரே வழியில்தான் தாக்கும். ஒன்றுக்குத் தப்பியது மற்றதற்கும் தப்பிவிடும்.

3. மோசமான இலைகளை வெட்டி, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். மற்ற இலைகளின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள்.

4. லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், 5 கிராம் காதி சோப்பு. நான் தோற்றது இங்கேதான். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சோப்பைக் கரைத்தால் நுரையே வராது. திரிந்த பால் மாதிரி வெள்ளைத் திப்பி மிதக்கும், எண்ணெய் தனியாக மேலே நிற்கும். அதை அடித்தால் பாதிச் செடிக்கு வெறும் தண்ணீர், மீதிக்கு வெறும் எண்ணெய். இலை ஓரம் கருகியதுதான் மிச்சம். குடிக்க வாங்கும் நல்ல தண்ணீரில் முதலில் சோப்பைக் கரைத்து, அப்புறம் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். பால்போல் வந்தால் சரி. ஒரு செடியில் அடித்து ஒரு நாள் பார்த்துவிட்டு மற்றதற்குப் போங்கள்.

சாயங்காலம், வெயில் தாழ்ந்தபின், கீழிருந்து மேல்நோக்கி அடியுங்கள். வளைந்த நாசில் உள்ள ஸ்பிரேயர் வாங்குவதுதான் நல்லது. நேர் நாசில் இலையின் அடிப்பக்கத்தை எட்டாது.

5. ஐந்து நாளுக்கு ஒருமுறை, மூன்று தடவை. முட்டைகள் தப்பிவிடும், இந்தச் சூட்டில் ஒரு முட்டை ஒரு வாரம் முதல் பத்து நாளுக்குள் முழுப் பேனாகிவிடும். ஒரு தடவை தவறவிட்டாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

அதற்கும் அடங்காவிட்டால் மட்டும் ஸ்பைரோமெசிபென் போன்ற வேறு வகை மருந்தை, லேபிளில் உள்ள அளவில், ஒரே ஒரு முறை. கையுறை, முகமூடி கட்டாயம்.

பின்சேர்க்கை: செம்பேனுக்கு நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கும் கந்தகத் தூள்) அடிக்கலாமா என்று கேட்டிருந்தார்கள். அடிக்கலாம். ஆனால் வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரமாவது கழிந்திருக்க வேண்டும், 32 டிகிரியைத் தாண்டும் நாளில் தொடவே கூடாது. இலை கருகிவிடும்.