வீட்டில் மின்கார் சார்ஜ் செய்ய உண்மையில் எவ்வளவு ஆகிறது? கணக்குப் போடும் முறை

பேட்டரி 40 யூனிட் (கிலோவாட்-மணி, kWh), ஒரு யூனிட்டுக்கு இவ்வளவு, இரண்டையும் பெருக்கினால் ஒரு முழுச் சார்ஜின் செலவு. பலரும் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். இதில் வருவது எப்போதும் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும். பேட்டரிக்குள் போய்ச் சேர்ந்ததற்கு மட்டுமல்ல, மீட்டரைக் கடந்து வந்த அத்தனைக்கும் நாம் பணம் கட்டுகிறோம்.

படி 1: தனி மீட்டர்

காருக்குப் போகும் லைனில் மட்டும் ஒரு சப் மீட்டர் போடுங்கள். எம்சிபி (மின்னோட்டம் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) பெட்டிக்குள் இருக்கும் உலோகப் பட்டையில் மாட்டும் வகைதான் நல்லது. சாக்கெட்டில் செருகும் சின்ன மீட்டர்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். பல மணி நேரம் தொடர்ந்து 16 ஆம்பியர் ஓடினால் அவற்றின் பின்கள் சூடாகி இளகும். சுவர் சார்ஜரின் ஆப்பே யூனிட் காட்டினால் அதுவும் போதும். வீட்டில் மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு மெயின் மீட்டரோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: இழப்பைக் கண்டுபிடிப்பது

தடுமாற்றம் வருவது இங்கேதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பேட்டரி 20 சதவீதத்தில் இருக்கும்போது மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 80 ஆனதும் மறுபடி குறியுங்கள். பயன்படுத்தக்கூடிய கொள்ளளவு 40 யூனிட் என்றால் உள்ளே போனது 24. மீட்டர் 27.6 காட்டினால், 27.6 ÷ 24 = 1.15. இதுதான் உங்கள் பெருக்கு எண். விளம்பரத்தில் வரும் மொத்தக் கொள்ளளவை இங்கே போடாதீர்கள். பயன்படுத்தக்கூடியது அதைவிடக் குறைவு.

சோதனையின்போது காரின் ஏசியை ஓட்டக்கூடாது. அது இழுப்பது மீட்டரில் ஏறும், பேட்டரியில் ஏறாது. 10 சதவீதம் மட்டும் ஏற்றிப் பார்த்து முடிவுக்கு வரவும் கூடாது. எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரிகளில் சார்ஜ் அளவு மாறினாலும் வோல்டேஜ் அதிகம் மாறாது, அதனால் திரையில் தெரியும் சதவீதம் சிறிது பிசகும். இடைவெளி பெரிதானால் அந்தப் பிசகின் பங்கு சிறிதாகிவிடும்.

மெதுவாக ஏற்றினால் இழப்பு குறையும் என்று நினைப்போம். வீட்டுச் சார்ஜிங்கில் பெரும்பாலும் நடப்பது நேர்மாறு. சார்ஜ் ஏறும் நேரம் முழுவதும் காரின் கணினிகள், குளிர்விக்கும் பம்ப் எல்லாம் விழித்திருக்கும். அதற்கு 300 வாட் என்றும், ஆன்போர்டு சார்ஜரின் (வீட்டு மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும், காருக்குள்ளேயே இருக்கும் கருவி) திறன் 92 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் 10 ஆம்பியர் என்றால் வருவது 2.3 கிலோவாட். பேட்டரிக்குள் 20 யூனிட் ஏற்ற ஏறக்குறைய 11 மணி நேரம் ஆகும், மீட்டரில் 25 யூனிட் ஓடும். 32 ஆம்பியரில் அதே வேலை 3 மணி நேரத்துக்குச் சற்று மேல், சுமார் 22.7 யூனிட்டில் முடிந்துவிடும்.

வயரும் தின்னும். சார்ஜர் 30 மீட்டர் தள்ளி இருந்து, 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 16 ஆம்பியர் ஓடினால், 110 வாட்டுக்கு மேல் வெறும் சூடாகப் போகும். 6 சதுர மில்லிமீட்டர் என்றால் 50 வாட்டுக்குள் அடங்கும். ஆம்பியரைக் கூட்டும் முன் வயர், எம்சிபி, எர்த், உங்கள் இணைப்புக்கு அனுமதித்த லோடு எல்லாவற்றையும் எலக்ட்ரீசியனிடம் காட்டிவிடுங்கள். பிளக் தொட முடியாத அளவு சுட்டால் அன்றைக்கே நிறுத்துங்கள்.

படி 3: எந்த விலையைப் போடுவது?

ஸ்லாப் முறையில் பில் வருபவர்கள் சராசரி விலையைப் போட்டால் ஏமாந்துபோவார்கள். கார் யூனிட்கள் வீட்டுச் செலவின் மேல் ஏறி உட்காருகின்றன, அதனால் அவற்றுக்கு மேல் ஸ்லாபின் விலைதான் விழும். சில கட்டணத் திட்டங்களில் ஒரு எல்லையைத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்களின் விலையும் மாறிவிடும். இதற்கு ஒரு சுலபமான வழி: கார் யூனிட்களோடு ஒருமுறை, அவை இல்லாமல் ஒருமுறை பில்லைப் போடுங்கள். வித்தியாசம்தான் காரின் செலவு. காருக்காக லோடு கூட்டியிருந்தால் அதன் நிலைக்கட்டணமும் காரின் கணக்கில்தான்.

நேரத்துக்கு ஒரு விலை என்றால் டைமர் வையுங்கள். ஆனால் காரிலோ சார்ஜரிலோ, ஒன்றில் மட்டும். இரண்டிலும் வைத்தால் இரண்டு நேரங்களும் ஒத்துப்போகும்போது மட்டுமே ஏறும். விடிந்து பார்த்தால் பேட்டரி அப்படியே இருக்கும்.

படி 4: கிலோமீட்டருக்கு எவ்வளவு

திரை 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் என்று காட்டினால், அது பெரும்பாலும் பேட்டரியிலிருந்து போனது மட்டும். 15 × 1.15 = 17.25. இதை யூனிட் விலையால் பெருக்கி 100ஆல் வகுங்கள். நிறுத்தி வைத்திருக்கும்போது கேமரா காவல் ஓடும் கார்களில் இதுவும் குறைவாகவே காட்டும். அப்படிப்பட்ட கார்களுக்கு ஒரு மாத சப் மீட்டர் யூனிட்டை அந்த மாத ஓடோமீட்டர் கிலோமீட்டரால் வகுப்பதே சரி.

பின்சேர்க்கை: சோலார் வைத்திருப்பவர்களுக்கு

கூரையிலிருந்து வருவதால் செலவு பூஜ்யம் என்று எழுதிவிடாதீர்கள். அந்த யூனிட்டை மின்வாரியத்துக்கு அனுப்பியிருந்தால் என்ன கிடைத்திருக்குமோ, அதுதான் அதன் விலை. காரின் இழுப்பு அந்த நேரத்துச் சோலார் உற்பத்தியைத் தாண்டினால், மிச்சம் மின்வாரியத்திலிருந்து வரும். அதற்கு படி 3-இன் விலை. மேகம் வந்து போகும் நாளில் ஆம்பியரைக் குறைத்து வைப்பது இங்கே மட்டும் லாபம். ஆனால் 6 ஆம்பியருக்குக் கீழே பொதுவாகக் குறைக்க முடியாது, சார்ஜிங் நின்றுவிடும்.