அல்லுலோஸ் வாங்கும் முன்: மாற்றுச் சர்க்கரையில் நாம் செய்யும் தவறுகள்

"பாக்டீரியா போட்டுச் செய்த சர்க்கரையா? ஆளை விடுங்க." சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் அல்லுலோஸ் என்று பேச்செடுத்தாலே முதலில் காதில் விழுவது இதுதான். முதல் தவறும் இதுதான். பாக்டீரியாவிலிருந்து எடுத்த நொதியையோ (ஒரு சர்க்கரையை இன்னொன்றாக மாற்றும் புரதம்), நொதி நிறைந்த செத்த செல்களையோ சின்னச் சின்ன மணிகளில் பிடித்துவைத்து, உயரமான குழாயில் நிரப்புகிறார்கள். மேலே பிரக்டோஸ் (பழச் சர்க்கரை) பாகை ஊற்றினால் கீழே அல்லுலோஸ் கலந்த பாகு வரும். நொதி குழாயிலேயே தங்கிவிடும். அமெரிக்கக் குளிர்பானங்களில் சேரும் சோளப் பாகும் பல பத்தாண்டுகளாகப் பாக்டீரியா நொதியால்தான் வருகிறது. அதை மட்டும் யாரும் கேட்பதில்லை!

அல்லுலோஸுக்கு வழிகாட்டிய பாக்டீரியா கிடைத்த இடம் ஜப்பான், ககாவா பல்கலைக்கழகத்தில் உணவகத்துக்குப் பின்னாலிருந்த மண். 1991இல் அங்கே ஆய்வு செய்த பேராசிரியர் கென் இசுமோரி கண்டெடுத்தார்.

அடுத்தது, உணவுத் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகள் விழும் குழி. நொதியைக் கூட்டிப் போட்டால் முழு பிரக்டோஸும் மாறிவிடும் என்று நினைக்கிறார்கள். மாறாது. இந்த நொதி அந்தப் பக்கமும் மாற்றும், இந்தப் பக்கமும் மாற்றும். 100 கிராம் பிரக்டோஸில் ஏறத்தாழ 30 கிராம் அல்லுலோஸ் ஆனதும் இரண்டு வேகமும் சமமாகிவிடும். நொதியை இரட்டிப்பாக்கினால் அந்த 30க்குச் சீக்கிரம் போய்ச் சேரலாம், அவ்வளவுதான். சூட்டைக் கூட்டினால் கொஞ்சம் கூடும். ஆனால் பாகு பழுப்பேறும், நொதியும் சீக்கிரம் செத்துப்போகும். அதனால் மீதி பிரக்டோஸைப் பிரித்துத் திரும்பக் குழாய்க்கே அனுப்புகிறார்கள். பணத்தைத் தின்பது இந்தப் பிரிக்கும் வேலைதான். கணக்குப் போடும்போது இதை விட்டுவிட்டால் லாபம் காகிதத்தோடு சரி.

கடையில் செய்யும் தவறு வேறு. 'மாற்றுச் சர்க்கரை' என்றாலே கலோரி குறைவு என்று எடுத்துக்கொள்கிறோம். ஐசோமால்டுலோஸ் என்ற மாற்றுச் சர்க்கரையும் பாக்டீரியா நொதியால் வருவதுதான், ஆனால் கிராமுக்கு 4 கலோரி, சாதாரணச் சர்க்கரை போலவே. மெதுவாகச் செரிக்கும், இனிப்பு பாதிதான். டாகடோஸ் என்ற இன்னொன்றுக்கு 1.5. அல்லுலோஸுக்கு 0.4 என்று கணக்கிடலாம் என்கிறது அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ. 2019இல் லேபிளில் போடும் 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' கணக்கிலிருந்தும் அதை விலக்கியது. பொடியைப் பார்த்தால் எல்லாம் ஒரே வெள்ளைதான். பெயரைப் படித்துத்தான் ஆக வேண்டும்.

சமையலறைக்கு வருவோம். நான் முதன்முதலில் கேக்கில் 200 கிராம் சர்க்கரைக்கு 200 கிராம் அல்லுலோஸ் போட்டேன். இனிப்பு மந்தம், மேல்பக்கமோ இருபதே நிமிடத்தில் கருஞ்சிவப்பு, குச்சியால் குத்தினால் உள்ளே மாவு. அல்லுலோஸின் இனிப்பு சர்க்கரையில் 70 சதவீதம்தான், ஆனால் அதைவிட வேகமாகச் சிவக்கும். ஓவன் சூட்டைக் கொஞ்சம் தணித்துவைத்து, முன்கூட்டியே எட்டிப்பார்க்க வேண்டும். ஈஸ்ட் மாவில் இதை மட்டும் நம்பாதீர்கள்; ஈஸ்ட்டுக்கு இது தீனியாகாது.

சரி, இனிப்புக்காக 280 கிராம் போட்டேன் என்று வையுங்கள். அங்கேதான் கடைசித் தவறு. 2018இல் வெளியான கொரிய ஆய்வு ஒன்று, ஒரு வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.4 கிராம்தான் உச்சம் என்கிறது, மீறினால் வயிற்றுப்போக்கு. 60 கிலோ ஆளுக்கு 24 கிராம். அந்த கேக்கை எட்டாக வெட்டினால் ஒரு துண்டிலேயே 35 கிராம் இருக்கும்.